மூன்றாவது பை

மூக்கையனேந்தல்,
சாயல்குடி வழி.
3-8-2007

தவசி அவர்களுக்கு,

மச்சான் என்று எழுதுவதுதான் முறை. கை வரவில்லை.

நான் இருளாண்டியின் இளைய மகள் ராமலெட்சுமி. எங்கள் ஊருக்கு ஆயில் என்ஜின் ரிப்பேர் பார்க்க நீங்கள் வந்துபோன காலத்தில் எனக்குப் பத்து வயது. என்ஜினைப் பார்த்தீர்களோ இல்லையோ, என் அக்கா நாகலெட்சுமியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். இருபத்துநாலு வருஷம் ஆகிறது. இருக்கிறாளா செத்தாளா என்று ஒரு கார்டு போட உங்கள் இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. போகட்டும்.

விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். எங்கள் ஊரணியில் தூர் எடுக்கிறார்கள். குடிக்கிற தண்ணீர் என்பதால் இறைத்துக் காயவிட முடியாது. அதனால் பம்பு வைத்து அடிச்சேற்றைக் கரைத்து உறிஞ்சி, கரையில் கிடக்கிற பெரிய துணிப் பைகளுக்குள் அடிக்கிறார்கள். ஒவ்வொரு பையும் ஒரு லாரி நீளம். துணி வழியாகத் தெளிந்த தண்ணீர் கசிந்து, வாய்க்காலில் ஓடித் திரும்ப ஊரணிக்கே போகிறது. சேறு பைக்குள் நின்றுவிடுகிறது. அந்த வேலைக்கு வந்த கீழக்கரைக்காரர் அகமது கபீருக்கு நான்தான் டீ கொண்டுபோய்க் கொடுக்கிறேன். "இந்த வேலையெல்லாம் பாம்பன்ல எங்க மேஸ்திரி தவசியண்ணன்ட்ட படிச்சது. அவுகளும் ஒங்க பக்கந்தான், சாயல்குடி" என்றார். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு விசாரித்தேன்.

எங்கள் ஆத்தா பஞ்சம்மாளுக்கு முடியவில்லை. கஞ்சிகூட இறங்கவில்லை. பஸ் ஹாரன் கேட்டால் மட்டும் எழுந்து உட்காருகிறது. "நாகு வந்தாளாடி பாரு" என்கிறது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்று சொல்ல வேண்டும். தினமும் இதுதான் என் பிழைப்பு.

அய்யா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஆகையால் யாருக்கும் பயப்பட வேண்டாம். ஊரணிக் காவல் பார்த்த மனுஷன், அக்கா போன நாளிலிருந்து ஊரணித் தண்ணீரை வாயில் வைக்கவில்லை. தோட்டத்துக் கிணற்று உப்புத் தண்ணீரைத்தான் கடைசிவரை குடித்தார். மகள் மேல் வீம்பு என்றது ஊர். உயிர் போகிற நேரத்தில் ஆத்தா ஒரு வாய் நல்ல தண்ணீர் கொண்டுபோனது. பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டார்.

சண்டை போடத் தெம்பில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அக்காவை அனுப்பி வையுங்கள். ஆத்தா பார்த்துவிட்டுக் கண்ணை மூடட்டும். இதை அவளிடம் படித்துக் காட்டுங்கள்.

ராமலெட்சுமி


பாம்பன்
10-8-2007

ராமலெட்சுமிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ தப்பான ஆளுக்கு எழுதியிருக்கிறாய். உன் அக்கா என்னிடம் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

என்னோடு வருவதாகச் சொன்னவள் வரவில்லை. சாயல்குடி பஸ் ஸ்டாண்டில் வாகை மரத்தடியில் காலையிலிருந்து கடைசி பஸ் வரைக்கும் நின்றேன். பிறகு தனியாக ஏறி மண்டபம் வந்தேன். அப்புறம் பாம்பன். அதோடு சரி.

ஒரு வருஷம் கழித்து உப்பு வியாபாரி ஒருவரிடம் உங்கள் ஊர்ப்பக்கம் விசாரிக்கச் சொன்னேன். "அந்தப் பிள்ளை பேச்சே எடுக்காதே, வெட்டிப்புடுவாய்ங்க" என்று பதில் வந்தது. சரி, வேறு இடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் கல்யாணம் ஆயிற்று. இரண்டு பிள்ளைகள்.

உங்கள் அய்யாவின் அருவாளுக்குப் பயந்து நான் சாயல்குடிப் பக்கமே வந்ததில்லை. பெற்ற தாயின் சாவுக்குக்கூட வரவில்லை. இல்லாத பொண்டாட்டிக்காக இத்தனையும் பட்டிருக்கிறேன் என்று நீ எழுதித்தான் தெரிகிறது.

என்னோடு வந்தாள் என்று யார் சொன்னது?

கீழே போன் நம்பர் எழுதியிருக்கிறேன். கூப்பிடு.

தவசி


மூக்கையனேந்தல்
16-8-2007

தவசி அவர்களுக்கு,

போன் வேண்டாம். இங்கே டெலிபோன் பூத் இருப்பது பஞ்சாயத்துத் தலைவர் பூமிநாதன் வீட்டு வாசலில். நான் இருமினால்கூட ஊருக்குத் தெரிந்துவிடும். அதோடு, உங்கள் குரலைக் கேட்டால் வாய்க்கு வந்தபடி ஏசிவிடுவேன்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். நீங்கள் காணாமல் போன அதே நாளில்தான் அவளும் காணாமல் போனாள். அவள் பூமிக்குள் போய்விட்டாளா? கூட்டிக்கொண்டு போய் எங்கே விட்டீர்கள்? யாரிடம் விட்டீர்கள்? வயிறு எரிந்து கேட்கிறேன். பெண் பிள்ளை பெற்றிருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பற்றி ஆத்தாளிடம் மூச்சு விடவில்லை. அதுவோ வேறு எதிலோ மாட்டிக்கொண்டிருக்கிறது. சொன்னால் சிரிப்பீர்கள், உங்கள் பைதான் காரணம்.

முதல் இரண்டு பைகளும் ஒழுங்காக வடிந்து தட்டையாகிவிட்டன. பம்பை ஊரணியின் ஆழமான நடுக்கிடங்குக்கு நகர்த்தி மூன்றாவது பையை நிரப்பினார்கள். அதுதான் பிடிவாதமாகக் கிடக்கிறது. வடியவும் இல்லை, இறுகவும் இல்லை. துணி முழுக்கப் பொடிப்பொடியாக வேர்க்கிறது. பொழுது சாயும்போது அதற்குள்ளிருந்து நீளமாக மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். "மல்லாக்கப் படுத்த புள்ளத்தாச்சி மாதிரி கெடக்கு" என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். அதிலிருந்து யாரும் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அதை நிரப்பும்போதே பம்பு ஒரு தடவை சிக்கி நின்றது. கபீர் கழற்றி உள்ளேயிருந்து ஒரு துணியை உருவிப் போட்டார். அலசியதும் நீலம் பளிச்சென்று தெரிந்தது. நைலான் என்றார். அப்போது, தானும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து வந்த ஆத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றது. அன்றிலிருந்து பஸ் ஹாரனுக்கு எழுந்து உட்காருவதை நிறுத்திவிட்டது. நாகு வந்தாளா என்று கேட்பதும் இல்லை. கேட்கும்போது எரிச்சலாக இருந்தது. கேட்காதபோது எனக்குப் பயமாக இருக்கிறது.

ராமலெட்சுமி


பாம்பன்
24-8-2007

ராமலெட்சுமிக்கு,

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவள் தலையில் கை வைத்துச் சொல்கிறேன், உன் அக்காவை அன்று நான் கண்ணால் பார்க்கவில்லை.

உன் கடிதத்தை என் வீட்டுக்காரி எடுத்துப் படித்துவிட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு சோறு போடும்போது, "அந்தப் பிள்ளைக்கு ஒழுங்கா பதில் எழுது" என்றாள்.

முதலில் பையைப் பற்றி எழுதுகிறேன். அதுதான் எனக்குத் தடுமாறாமல் வருகிறது. நடுக்கிடங்குச் சேறு மாவு மாதிரி நைசாக இருக்கும். அது துணியின் கண்ணை அடைத்துக்கொள்ளும். பம்படிக்கும்போதே சேற்றோடு ஒரு மருந்துப் பொடி கலப்போம். சேறு திரிதிரியாகத் திரண்டு தண்ணீர் பிரிவதற்கு அதுதான். கபீர் பொடியைக் குறைத்திருப்பான். பையின் வெளிப்பக்கத்தை ஈர விளக்குமாற்றால் தேய்க்கச் சொல், வடியும். மூச்சு விடுகிற சத்தம் வெயிலில் உப்பின காற்று சாயங்காலம் அடங்குவதால் வருவது. எங்கள் கடற்கரையில் மணலை அடித்துப் போட்ட பைகளும் அப்படித்தான். பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு, உன் கடிதத்தை எடுத்து அந்தத் துணியைப் பற்றி எழுதியிருந்த இடத்தைத் திரும்பப் படித்தேன்.

அந்தத் துணி என்ன நீலம்? கீழக்கரைக் கடைத்தெருவில் நான் நாகுவுக்கு ஒரு தாவணி வாங்கிக் கொடுத்தேன். நைலான். மயில் கழுத்து நீலம். அன்றைக்கு அதைக் கட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் நீலமாக எது தெரிந்தாலும் எழுந்து எழுந்து பார்த்தேன்.

அவள் கடைசியாக என்னிடம் சொன்னது இது: "வெறுங்கையோட கெளம்ப மாட்டேன். ஆத்தாளுக்கு ஒரு கொடம் தண்ணி எடுத்து வச்சிட்டுத்தான் வாருவேன். நான் போனா அதுக்கு யாரு எடுப்பா?" அந்த வருஷம் உங்கள் ஊரில் தண்ணீருக்கு எவ்வளவு பஞ்சம் என்று உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ.

அன்று காலை அவள் ஊரை விட்டுப் போனதை யாராவது பார்த்தார்களா? யார் முதலில் சொன்னது? யோசித்து எழுது.

தவசி


மூக்கையனேந்தல்
30-8-2007

தவசி அவர்களுக்கு,

மயில் கழுத்து நீலம்தான்.

யாரும் பார்க்கவில்லை. அய்யாதான் வந்து சொன்னார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஞாபகம் இல்லை என்று எப்படி இத்தனை வருஷம் இருந்தேன் என்றுதான் தெரியவில்லை.

அது எண்பத்துமூன்றாம் வருஷம். கண்மாய் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. ஊரணியில் நடுக்கிடங்கில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. சுற்றிலும் சேறு, மேலே காய்ந்த தோல், காலை வைத்தால் உள்ளே இழுக்கும். பனங்கட்டை போட்டு, அதன் மேல் அய்யா மட்டும் நடந்து போய் மொண்டு வருவார். வீட்டுக்கு ஒரு குடம். அவர் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. காவல்காரர் மகளுக்கும் அதே சட்டம்தான்.

நான் எழுந்தபோது வாசல் இருட்டு இன்னும் போகவில்லை. அய்யா எங்கள் பித்தளைக் குடத்தோடு வந்தார். குடம் நிறையத் தண்ணீர். நெஞ்சு வரைக்கும் சேறு. வேட்டி, கை, தாடி எல்லாம் சேறு. குடத்தை ஆத்தா முன்னால் வைத்தார். "அவ கொடத்தக் கரையில வச்சிட்டுப் போயிட்டா. அந்த என்ஜின்காரனோட ஓடிட்டா. இனிமே இந்த வீட்டுல அவ பேரு கேக்கக் கூடாது" என்றார். பிறகு கிணற்றடிக்குப் போய் உப்புத் தண்ணீரை வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தார். ஆத்தா போய் வாளியைப் பிடுங்குகிறவரை நிறுத்தவில்லை.

ஓடிப்போன மகளைத் தேடப் போகிறவர் ரோட்டுக்கல்லவா போயிருக்க வேண்டும்? நெஞ்சளவு சேறு எங்கிருந்து வரும்? பத்து வயதில் எனக்கு இது தோன்றவில்லை. இருபது வயதிலும் தோன்றவில்லை. நேற்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் தோன்றியது.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஊரணியில் சாவு விழுந்தால் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறைத்துவிட வேண்டும். மழை பெய்து நிறைகிறவரை அதில் யாரும் குடம் வைக்கக் கூடாது. அந்த வருஷம் இறைத்திருந்தால் அதற்குப் பிறகு குடிக்க என்ன இருந்தது?

நேற்றிலிருந்து என்னால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. சோற்றைப் பார்த்தாலும் இது எந்தத் தண்ணீரில் பொங்கியது என்றுதான் புத்தி போகிறது. அய்யா எதற்காக உப்புத் தண்ணீர் குடித்தார் என்று புரிகிறது. எங்களை ஏன் குடிக்கவிட்டார் என்பதுதான் புரியவில்லை.

ராமலெட்சுமி


பாம்பன்
5-9-2007

ராமலெட்சுமிக்கு,

அவள் என்னை ஏமாற்றவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் என் மனசில் முதலில் வந்தது அதுதான். ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அதற்காக என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவள் சேற்றுக்குள் கிடந்த நேரத்தில் நான் மரத்தடியில் நின்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். பம்பின் வாயில் ஒரு கம்பிக்கூடு இருக்கும். பெரிசாக எதையும் அது உள்ளே விடாது. பெரிசெல்லாம் கிடங்கிலேயே கிடக்கும். சின்னதெல்லாம் சேற்றோடு பைக்குள் போயிருக்கும். பையிலிருந்து வெளியே போவது தண்ணீர் மட்டும்தான். உள்ளே போனது ஒரு கண்ணாடி வளையல் துண்டாக இருந்தாலும் உள்ளேயேதான் இருக்கும்.

அதனால் மூன்றாவது பையைக் கொண்டுபோக விடாதே. வழக்கமாக இறுகின பிறகு துணியோடு கரைக்குள் புதைத்து மேலே மண் போட்டு மூடுவார்கள். புதைத்துவிட்டால் முடிந்தது. உச்சியில் நீளவாக்கில் கீற வேண்டும். முழுக்க வடியாமல் கீறினால் சேறு பிளந்துகொண்டு ஓடும், எல்லாம் கலைந்துவிடும். கபீரிடம் கேள், கைவைத்து அழுத்தினால் பள்ளம் விழாத பதம் வர வேண்டும். பிறகு கரண்டி கரண்டியாக எடுத்துச் சல்லடையில் அலச வேண்டும். கபீருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். அவன் கேட்பான்.

நான் வருவதா வேண்டாமா என்று தெரியவில்லை. வந்தால் உங்கள் ஊர் என்ன சொல்லும்? ஆத்தாளிடம் சொல்லிவிட்டாயா?

தவசி


மூக்கையனேந்தல்
13-9-2007

தவசி அவர்களுக்கு,

ஆத்தாளிடம் சொன்னேன். அழவில்லை. "அந்தத் துணியப் பாத்தப்பவே தெரியும்டி" என்றது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

பூமிநாதனிடம் போய்ப் பையைப் பிரிக்கச் சொன்னேன். முதலில் சிரித்தார். நான் போகாமல் நின்றதும் முகம் மாறியது. சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. இந்தக் கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. நான் பேசினேன்.

பூமிநாதன் சொன்னார்: "ஏத்தா, சும்மா கெடக்கிறதக் கிண்டாத. நாளைக்கு ஒண்ணு கெடச்சிருச்சுன்னு வையி. ஊரணிய எறைக்கணும். மழைக்கு இன்னும் எத்தனை நாளுன்னு யாருக்குத் தெரியும்? பொணந்தண்ணி குடிச்ச ஊருன்னு பேராயிட்டா இங்கன யாரு பொண்ணு குடுப்பா, யாரு எடுப்பா? அந்தப் பையப் பொதச்சிருவோம். ஒங்க அக்கா ஓடிப்போனவளாவே இருக்கட்டும்."

ஓடிப்போனவளாகவே இருக்கட்டுமாம். வயசானவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை, தவசி அவர்களே. தரையைப் பார்த்தார்கள். துண்டைச் சரி செய்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

மேலத்தெரு மீனம்மாள் அத்தைதான் கடைசியில் வாய் திறந்தது. "அன்னிக்கு எறைச்சிருந்தா எங்க பிள்ளைக நாக்கு வறண்டு செத்திருக்கும். பூமிநாதன் அப்பாரும் இன்னும் நாலு பெரியாளுகளும் விடியிறதுக்கு முந்தியே கரையில வச்சு ஒங்க அய்யா கால்ல விழுந்தாக. ஊருக்காக வாயத் தொறக்காதப்பான்னாக. அந்த மனுசன் சரின்னு ஒரு சொல்லுகூடச் சொல்லல. மழை வார வரைக்கும் அவருதான் தெனமும் எறங்கி, எங்க கொடத்துக்கெல்லாம் மோந்து மோந்து ஊத்துனாரு. அவர் மொகத்தப் பாக்க முடியாம நாங்க தண்ணி வாங்குனோம்" என்றது.

அந்தக் கிடங்கில், அவள் மேல் நின்றுகொண்டு மொண்டிருக்கிறார். எங்கள் குடத்திலும் ஊற்றியிருக்கிறார். நான் தாகமாக இருக்கிறது என்று அவர் கையிலேயே வாங்கிக் குடித்திருக்கிறேன்.

அய்யா மேல் கோபப்படுவதா அவருக்காக அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வருகிறது. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். என் அக்கா ஊரை விட்டு ஓடவில்லை. அதை ஊர் தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு அந்தப் பை வேண்டும்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை புதைப்பதாகப் பேச்சு. கபீர் இப்போது கூடாரத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பையை ஒட்டிப் போட்டிருக்கிறார். "பதம் வரல, இன்னும் வடியணும்" என்று யார் கேட்டாலும் சொல்கிறார். விளக்குமாற்றை வைத்து நாள் முழுக்கத் தேய்க்கிறார். நோன்பு ஆரம்பிக்கப்போகிறது, ஊருக்குப் போகவில்லையா என்றேன். "தவசியண்ணன் எழுதியிருக்காக. இத விட்டுட்டுப் போனா எனக்கு எங்க தொழுதாலும் மனசு நிக்காது" என்றார்.

ராமலெட்சுமி


பாம்பன்
18-9-2007

ராமலெட்சுமிக்கு,

கிளம்பினேன். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட் வரை வந்தேன். சாயல்குடி பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டதும் இறங்கிவிட்டேன்.

என்ன என்று கேட்காதே. அய்யாவின் அருவாள் இல்லை என்று தெரியும். இவ்வளவு காலம் அவள் எங்கோ நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக் கோபப்பட எனக்கு ஓர் ஆள் இருந்தாள். அந்தப் பையைக் கீறினால் அவளும் போய்விடுவாள்.

என்ன ஆயிற்று என்று எழுது.

தவசி


மூக்கையனேந்தல்
22-10-2007

மச்சானுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் போலீஸும் ஆஸ்பத்திரியும். வரிசையாகச் சொல்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் புல்டோசர் வந்தது. பூமிநாதனும் ஆட்களும் வந்தார்கள். கபீர் பையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றார். வெளியூர்க்காரன் என்று ஆளாளுக்கு ஏச ஆரம்பித்தார்கள். நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். எனக்கும் ஏச்சு விழுந்தது.

அப்போது ஆத்தா வந்தது. எப்படி எழுந்தது, எப்படி அவ்வளவு தூரம் நடந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. கையில் அய்யாவின் பாளை சீவுகிற அருவாள் இருந்தது. யாரும் தடுக்கவில்லை. கபீர் கையைக் கொடுத்து மேலே தூக்கிவிட்டார். ஆத்தா பையைக் கையால் அழுத்திப் பார்த்தது, தூங்குகிற பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. "பதம் வந்திருச்சா தம்பி?" என்றது. "வந்திருச்சும்மா" என்றார். அருவாளின் மூக்கைத் துணியில் வைத்து இழுத்தது. சேறு ஓடவில்லை. கட்டித் தயிர் மாதிரி அப்படியே நின்றது.

முதலில் வளையல் துண்டுகள் வந்தன. பச்சை. பிறகு ஒற்றைக் கொலுசு, திருகு கழன்றது. பிறகு சின்ன எலும்புகள். விரல்கள் என்று கபீர் சொல்லவில்லை, ஆனால் சல்லடையைத் தரையில் வைக்காமல் தன் தலைத்துண்டை விரித்து அதன் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஆத்தா கொலுசை மடியில் வைத்துக்கொண்டது. அழுகை அப்போதுதான் வந்தது. அந்த அழுகையைக் கேட்டுப் புல்டோசர்காரர் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்று முழுக்க யாரும் தண்ணீர் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. பெண்கள் காலிக் குடத்தோடு கரைக்கு வந்து நிற்பதும் திரும்புவதுமாக இருந்தார்கள். பிள்ளைகள் அழுதன. பூமிநாதன் சாயல்குடியிலிருந்து ஒரு லாரித் தண்ணீர் சொல்லியிருந்தார். அது வரவில்லை.

ஆத்தா எங்கள் பித்தளைக் குடத்தை எடுக்கச் சொன்னது. என்னைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியது. தன் கையால் மொண்டது. எல்லோருக்கும் முன்னால் குடத்தைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்தது. "எம் மகளும் இங்கனதான் கெடந்தா, நீங்களும் இதத்தான் குடிச்சீக. அவ ஓடிப்போனவன்னு சொல்லிட்டுக் குடிச்சீக. இப்ப அவ பேரச் சொல்லிட்டுக் குடிங்க" என்றது.

மீனம்மாள் அத்தைதான் முதலில் இறங்கியது. "நாகலெட்சுமி" என்று சொல்லிவிட்டுக் குடத்தை அமுக்கியது. அப்புறம் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். சிலருக்குக் குரல் வரவில்லை. ஆனால் உதடு அசைந்ததைப் பார்த்தேன். நானும் குடித்தேன், மச்சான். பயந்த மாதிரி இல்லை. நல்ல தண்ணீர்தான்.

மிச்சத்தைக் கிடங்கிலிருந்து கையால் எடுத்தோம். அன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பெரிய ஆட்கள்தான் இறங்கினார்கள். பூமிநாதனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நெஞ்சளவு சேறு. எனக்கு அப்போது அய்யாவைப் பார்த்த மாதிரி இருந்தது. ஏறி வந்த பூமிநாதன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்கப்பாரு சாகும்போது இதத்தான் சொல்ல வந்தாரு போல. நான் காது குடுக்கல" என்றார். போலீஸுக்கும் அவரேதான் ஆள் விட்டார்.

எல்லாம் முடிந்து போன வாரம்தான் ஆஸ்பத்திரியில் அக்காவைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொள்ளி நான் வைத்தேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. மழை வந்த தைரியத்தில் ஊரணியை இறைத்துக் கழுவிவிட்டார்கள், இனி நிறைந்துவிடும். மூன்றாவது பை மட்டும் காலியாகக் கரையில் கிடக்கிறது. இப்போதும் பொழுது சாயும்போது அந்தப் பக்கம் போனால் எனக்குக் காது நிமிர்கிறது. ஒரு சத்தமும் வருவதில்லை. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

சாம்பலை ராமேஸ்வரத்தில் கரைக்க வேண்டும் என்கிறது ஆத்தா. அவள் வர ஆசைப்பட்ட பக்கம் அதுதானே. வேறு குடம் வாங்கவில்லை. அன்று அய்யா கொண்டுவந்து வைத்த அதே குடத்தில்தான் வைத்திருக்கிறோம். ஆத்தாளும் கூட வருகிறது. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "அவனப் பாக்கணும்டி. எம் மக யார நம்பிக் கெளம்புனான்னு ஒரு தடவ பாக்கணும்" என்கிறது.

ராமநாதபுரத்தில் இறங்கினது போல இந்தத் தடவை இறங்கிவிடாதீர்கள். சாயல்குடி வரைக்கும் வாருங்கள். உங்கள் வீட்டுக்காரியையும் கூட்டி வாருங்கள், எனக்கு அவர்களைப் பார்க்க வேண்டும்.

அந்த வாகை மரம் இன்னும் இருக்கிறது. விசாரித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் அடியிலேயே நில்லுங்கள், மச்சான். முதல் பஸ்ஸில் அக்காவைக் கூட்டிக்கொண்டு வருகிறோம்.

ராமலெட்சுமி